மைலேஜும் போச்சு, வேகமும் போச்சு என்றால் கார்புரேட்டரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 2016 மாடல், 110 சிசி, கார்புரேட்டர் வைத்த கியர் இல்லாத ஸ்கூட்டர். 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 45 கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 31. பைபாஸில் 80 தொட்ட வண்டி இப்போது 60, 62-க்கு மேல் ஏறவில்லை. "சத்தம் மட்டும் வருது, வண்டி வரல" என்கிறீர்கள். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, புகை இல்லை. இரண்டு மெக்கானிக்குகள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி டியூன் செய்தார்கள், பிளக்கும் மாற்றினார்கள், பலன் இல்லை. கார்புரேட்டரையே புதிதாகப் போடலாமா, பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணமா, வண்டியை விற்றுவிடலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இன்ஜினில் சக்தி குறைந்துவிட்டதா, இல்லை இன்ஜின் கொடுக்கிற சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா? இதற்கு விடை தெரியாமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பணம்தான் விரயம்.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, பல வருஷமாக ஒர்க்‌ஷாப்பில் இந்த வகை ஸ்கூட்டர்களைத்தான் அதிகம் பார்த்து வருகிறேன். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் "இதுதான் கோளாறு" என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்த விவரங்களே சந்தேகத்தைப் பெருமளவு சுருக்கிவிடுகின்றன. எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

எத்தனாலை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் ஒரு லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் வரை சக்தி குறையும். அதாவது 45 கொடுத்த வண்டி 42 கொடுக்கலாம். 31-க்கு இறங்காது. பழைய கார்புரேட்டர் தானாக அளவைச் சரிசெய்துகொள்ளாது என்பதால் கலவை கொஞ்சம் மெலியும், சில வண்டிகளில் பிக்கப் மந்தமாகத் தெரியும், அதுவும் உண்மை. பழைய ரப்பர் பாகங்களை எத்தனால் கெடுக்கலாம், டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் தொல்லை வரும். ஆனால் மணிக்கு 18 கி.மீ. வேகத்தை அது தின்றுவிட முடியாது. உங்கள் இழப்பில் சின்னப் பங்கு அதற்கு இருக்கலாம், மீதியை வேறு எங்கோதான் தேட வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது கொஞ்சம் முக்கியமானது. ஓடும் வண்டியை அதிகம் தடுப்பது காற்று. அதைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடியாக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். அப்படிப் பார்த்தால் 80-இல் போக எவ்வளவு சக்தி வேண்டுமோ, 62-இல் போக அதில் ஏறக்குறைய பாதி போதும். ஆக, இன்ஜின் தேய்ந்துதான் உங்கள் வண்டி 62-இல் நிற்கிறது என்றால், அது தன் சக்தியில் பாதியை இழந்திருக்க வேண்டும். ரிங்கும் வால்வும் அந்த அளவுக்குப் போன இன்ஜின் காலையில் ஒரே செல்ஃபில் எடுக்காது. ஆயில் குடிக்கும், புகை தள்ளும், இரண்டு பேர் உட்கார்ந்தால் மேம்பாலத்தில் முக்கும். நீங்கள் சொல்வதில் இந்த அடையாளம் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்ஜின் மேல் சந்தேகம் குறைவு.

எதையும் கழற்றும் முன் ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். உங்கள் மாடலில் ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஓடுகிறது என்றால், வேகம் காட்டுவதும் கிலோமீட்டர் எண்ணுவதும் அந்த ஒரே கேபிள்தான். சக்கரத்தில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்து வழுக்கினால் வேகமும் குறைவாகக் காட்டும், கிலோமீட்டரும் குறைவாக எண்ணும். வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே மைலேஜும் டாப் ஸ்பீடும் சேர்ந்து விழுந்த மாதிரி தெரியும். போனில் ஜி.பி.எஸ். வேகம் காட்டும் செயலியைப் போட்டுப் பின்னால் உட்காருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அல்லது நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் 10 கி.மீ. ஓட்டி, மீட்டர் எத்தனை எண்ணியது என்று பாருங்கள். ஸ்பீடோமீட்டர் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது சகஜம், அது பரவாயில்லை. கல் கணக்கில் 10 ஓடியும் மீட்டர் 8 என்றால் மேற்கொண்டு எதையும் பிரிக்க வேண்டாம். இன்ஜின் இரைகிறது என்று நீங்கள் சொல்வதால் இது இருக்க வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் செலவில்லாத சோதனை.

அது சரியாக இருந்தால், வெறிச்சோடிய நேரான சாலையில் ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். இன்ஜின் உச்சத்தில் இரைந்தும் வண்டி 60-லேயே நின்றால், கோளாறு பெல்ட், புல்லி இருக்கும் பக்கம். இன்ஜினே இரையாமல், எவ்வளவு முறுக்கினாலும் "ம்ம்ம்" என்று அமுங்கிப் போனால், பெட்ரோலோ காற்றோ போதவில்லை. மூன்றாவது, ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி யாரோ பிடித்து இழுத்த மாதிரி சட்டென்று வேகம் குறைந்தால், எங்கோ உராய்கிறது. நீங்கள் எழுதிய "சத்தம் மட்டும் வருது" முதல் வகையைத்தான் சொல்கிறது. ஆனால் சைலன்சர் ஓட்டையானாலும் சத்தம் கூடும். அதனால் சத்தத்தின் அளவை விட்டுவிட்டு, அதன் சுருதி முன்பைவிடக் கூர்மையாக ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

பெல்ட் பக்கம் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த வண்டியில் கியருக்குப் பதில் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் V வடிவ ரப்பர் பெல்ட். முன்புல்லியின் முதுகில் வேரியேட்டர். அதற்குள் பொதுவாக ஆறு ரோலர்கள் இருக்கும். இன்ஜின் வேகம் ஏற ஏற ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி, புல்லியின் ஒரு தட்டை இன்னொன்றின் பக்கம் நெருக்கும். நடுவில் மாட்டிய பெல்ட் மேலே ஏறும். அதே நேரம் பின்புல்லி ஸ்பிரிங்கை அழுத்தி விரிந்து, பெல்ட் அங்கே உள்ளே இறங்கும். கியர் சைக்கிளில் முன்னால் பெரிய பல்சக்கரத்துக்கும் பின்னால் சின்னதுக்கும் சங்கிலியை மாற்றுகிற அதே காரியம்தான், இங்கே படி இல்லாமல் நடக்கிறது. பெல்ட் முன்புல்லியின் விளிம்பு வரை ஏறினால்தான் டாப் ஸ்பீடு. பாதியில் நின்றுவிட்டால் வண்டி என்றைக்குமே டாப் கியர் விழாமல் ஓடுகிறது என்று அர்த்தம். 45 கி.மீ. வேகத்தில் ஆபீஸ் போனாலும் இன்ஜின் தேவைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும், பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மைலேஜும் வேகமும் ஜோடியாக விழுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

பெல்ட் ஏறாமல் நிற்கப் பல காரணம் உண்டு. பெல்ட்டே பக்கவாட்டில் தேய்ந்து ஒல்லியாகியிருக்கலாம். புல்லித் தட்டுகள் சரிவாக இருப்பதால், அகலத்தில் 1 மி.மீ. தேய்ந்தால் பெல்ட் கிட்டத்தட்ட 2 மி.மீ. உள்ளே இறங்கிவிடும். கண்ணுக்கு விரிசலே இல்லாத பெல்ட்கூட இப்படி வேகத்தைத் தின்னும். "பெல்ட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அப்படியே மூடிவிடுவார்கள், வெர்னியர் என்ற நுண் அளவுகோல் வைத்து அளந்து பார்க்க மாட்டார்கள். குறைந்தபட்ச அகலம் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அது கிடைக்காவிட்டால் கடையில் புதிய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து அளந்தாலே போதும். போன வருஷம் பெல்ட் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அது எந்தப் பெல்ட் என்று கேளுங்கள். "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று விற்கப்படும் டூப்ளிகேட் பெல்ட்டுகளில் அகலமும் நீளமும் கொஞ்சம் மாறினாலும் வண்டி ஓடும், ஆனால் உச்ச வேகம் போய்விடும். பெல்ட் மாற்றிய பிறகுதான் இந்தக் குறை தொடங்கியதா என்பது எனக்கு மிக முக்கியமான தகவல், அதை நீங்கள் சொல்லவில்லை.

அடுத்தது ரோலர்கள். உருண்டையாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிடும். தேய்ந்த ரோலர் உருளாது, அந்தத் தட்டைப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். கையில் எடுத்து மேஜையில் உருட்டிப் பார்த்தால் டொக், டொக் என்று நின்று நின்று போகும். எடை மாறிய ரோலரும் சிக்கல்தான். பிக்கப்புக்காக எடை குறைந்த ரோலரைப் போட்டுவிடுபவர்கள் உண்டு. சிக்னலில் சீறிக் கிளம்பும், ஆனால் இன்ஜின் எப்போதும் கூடுதல் சுற்றில் ஓடி மைலேஜை இழக்கும். வேரியேட்டருக்குப் பின்னால் இருக்கும் தட்டில் மூன்று பிளாஸ்டிக் வழுக்கிகள் மாட்டியிருக்கும், அவை உடைந்தோ தேய்ந்தோ இருந்தால் தட்டு ஆடும். பலரும் மறப்பது பின்புல்லி. அதன் தட்டு நகர வழிகாட்டும் கைடு பின்கள் இருக்கும் இடத்தில் கிரீஸ் காய்ந்து களிம்பாகிவிட்டால் புல்லி விரியவே விரியாது. முன்னால் எல்லாம் புதிதாகப் போட்டும் வேகம் வராத வண்டிகளில் நான் கடைசியில் போய் நின்ற இடம் பெரும்பாலும் அதுதான். பின்புல்லியின் சுழற்சியைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கிளட்ச் ஷூ பற்றியும் கேட்பீர்கள். அது தேய்ந்தால் கிளம்பும்போதும் மேட்டிலும் தெரியும், கருகிய வாடை வரும். வேகம் கூடினால் ஷூ இன்னும் இறுக்கமாகத்தான் பிடிக்கும் என்பதால், சமதரையில் டாப் ஸ்பீடு குறைவதற்கு அதை நான் முதலில் சந்தேகப்பட மாட்டேன்.

இதையெல்லாம் ஊகிக்காமல் நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இடது பக்கம் பெல்ட் கவரைக் கழற்றி, முன்புல்லியின் தட்டைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மார்க்கர் பேனாவால் நடுவிலிருந்து விளிம்பு வரை நேராக ஒரு கோடு போடுங்கள். கவரைத் திரும்ப மாட்டி, நேர் சாலையில் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். பெல்ட் தொட்ட இடம் வரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்குப் பக்கம் வரை அழிந்திருந்தால் பெல்ட் பக்கம் குற்றமில்லை, இன்ஜினையும் பிரேக்கையும் பார்க்கலாம். இன்ஜின் உச்சத்தில் இரைந்தும் விளிம்பில் விரலகலத்துக்குக் கோடு அழியாமல் அப்படியே இருந்தால் குறை பெல்ட் பக்கம்தான். அதைப் போனில் படம் எடுத்து எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் மறுபேச்சு இருக்காது.

கவர் திறக்கும்போது இன்னும் இரண்டைப் பாருங்கள். உள்ளே கறுப்புத் தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு, கைநிறைய அள்ளும்படி இருந்தால் பெல்ட் வேகமாகத் தேய்கிறது. ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் ஒழுகுகிறது. பெல்ட் வழுக்கும், சீலைச் சரிசெய்யாமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் வீண். அந்தத் தூளை வாயால் ஊதவோ காற்று அடித்துப் பறக்கவிடவோ வேண்டாம், கிளட்ச் ஷூ தூளும் அதில் கலந்திருக்கிறது. ஈரத் துணியால் துடையுங்கள்.

புல்லி நட்டைக் கழற்றும் வேலையை மட்டும், புல்லி சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். புல்லியின் விசிறி இறகுக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நட்டைத் திருகி, இறகை உடைத்து அனுப்பிய வண்டிகள் நிறைய வருகின்றன. திரும்ப மாட்டும்போது பின்புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அமுக்கி, முன்னால் தளர்வு வரவைத்த பிறகுதான் நட்டை முறுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பெல்ட் இரண்டு தட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகிய மாதிரி தோன்றும், நாலு நாளில் தளர்ந்து, புல்லி மாட்டியிருக்கும் கிராங்க் தண்டின் பல்லையே தின்றுவிடும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இதை மட்டும் கவனியுங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

பிரேக் உரசல் எளிய விஷயம், ஆனால் நிறையப் பேர் வண்டியில் இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இந்த வகை வண்டியில் சக்கரத்தோடு உள்ளே பல்சக்கரங்களும் சுற்றும் என்பதால் சைக்கிள் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்காது, ஆனால் உரசும் சத்தமோ ஓரிடத்தில் இறுகுவதோ கூடாது. பின்பக்கம் ஒருவரை அமுக்கச் சொல்லி முன்சக்கரத்தையும் அப்படியே பாருங்கள். இடது லீவரைப் பிடித்தால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வண்டி என்றால், அந்த கேபிளை இறுக்கமாக வைத்துவிட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து உரசும். பிரேக் அதிகம் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், அனல் அடித்தால் சந்தேகமில்லை. டயர் காற்று இந்த வகை ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் முன்னால் 22, தனியாகப் போனால் பின்னால் 29 பி.எஸ்.ஐ., ஆள் ஏற்றினால் இன்னும் கூடுதல். உங்கள் வண்டிக்குரிய அளவு மேனுவலில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். காற்றுக் குறைவால் மட்டும் மைலேஜ் 45-லிருந்து 31-க்கு இறங்காது. ஆனால் பல சின்னக் குறைகள் சேர்ந்தும் இந்த இடத்துக்கு வரும், அதை மறுக்க மாட்டேன்.

இனி இன்ஜின் பக்கம். உங்கள் மெக்கானிக்குகள் செய்த "டியூனிங்" ஏன் பலிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வெளியே திருகும் அந்த இரண்டு ஸ்க்ரூக்களில் ஒன்று ஐட்லிங் வேகத்துக்கு, இன்னொன்று ஐட்லிங்கிலும் லேசாக முறுக்கும்போதும் போகும் கலவைக்கு. முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் போவது கார்புரேட்டருக்குள் இருக்கும் மெயின் ஜெட் என்ற சின்னத் துளை வழியாக, அதற்கும் அந்த ஸ்க்ரூக்களுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. டாப் ஸ்பீடை டியூனிங்கில் மீட்க முடியாது, இது உறுதி. கார்புரேட்டரில் உண்மையாகப் பார்க்க வேண்டியது மேல் மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ரப்பர் டயஃப்ரம். அதில் ஊசி முனை அளவு கிழிசல் இருந்தாலே கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் (இன்ஜின் பிஸ்டன் அல்ல) முழுதாக எழும்பாது. ஐட்லிங் அருமையாக இருக்கும், ஸ்டார்ட்டிங் அருமையாக இருக்கும், 60-க்கு மேல் போகாது. உங்கள் அறிகுறிகளோடு பெருமளவு ஒத்துப்போகும் ஒரே கார்புரேட்டர் கோளாறு இது. வெளிச்சத்தில் பிடித்து விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இதில் இன்ஜின் உச்சத்தில் இரையாது, அமுங்கும்.

ஏர் ஃபில்டரைக் கண்ணால் பாருங்கள். எண்ணெய்ப் பசை தடவிய பேப்பர் ஃபில்டரைக் கழுவவும் கூடாது, கம்பிரசர் காற்று அடிக்கவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வண்டி சில வாரம் நின்றிருந்தால் காற்றுக் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், எலி பஞ்சை அடைத்திருக்கலாம், இதெல்லாம் நம் ஊரில் நடப்பதுதான். புதிதாகப் போட்ட பிளக்கை ஒரு வாரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். செங்கல் பழுப்பு என்றால் எரிப்பு சரி, கரிக்கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல் அல்லது சோக் முழுதாகத் திரும்பவில்லை, சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்று கூடுதல். இன்னொன்று: ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கும்போது கார்புரேட்டர் பக்கத்து லீவர் கடைசி வரை போய் முட்டுகிறதா? கேபிள் தளர்ந்து முக்கால் வரைதான் திறக்கும் வண்டிகளும் உண்டு. வால்வு இடைவெளியையும் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள், 48,000 ஓடிய வண்டியில் அது வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலைதான்.

நீங்கள் கொடுத்த விவரத்தை மட்டும் வைத்து என் ஊகம்: பெல்ட், ரோலர், பின்புல்லி இந்த மூன்றில் ஒன்று முதல் சந்தேகம். பிரேக் உரசல் இரண்டாவது, அல்லது முதலாவதோடு சேர்ந்து இருக்கும். டயஃப்ரம் மூன்றாவது. இந்த வரிசை அனுபவத்தில் சொல்வது, மார்க்கர் கோடு வேறு மாதிரி சொன்னால் கோட்டை நம்புங்கள், என்னை நம்ப வேண்டாம். புது கார்புரேட்டரை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் 48,000 கி.மீ. இந்த இன்ஜினுக்கு முடிவல்ல. 31 கொடுக்கும் வண்டியாக அதை விற்றால், வாங்குபவர் ஒரு பெல்ட் செட் மாற்றி 43-இல் ஓட்டுவார்.

மைலேஜை மட்டும் டேங்க் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி வாய் வரைக்கும் அல்லாமல் பங்க் கன் தானாக நிற்கும் வரை நிரப்பி, 150 கி.மீ.யாவது ஓட்டி, அதே பங்கில் அதே மாதிரி மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுங்கள். வேலை செய்வதற்கு முன் ஒரு தடவை, செய்த பின் ஒரு தடவை. கோடு எவ்வளவு அழிந்தது, பிளக் என்ன நிறம், பெல்ட் மாற்றியது குறை வருவதற்கு முன்பா பின்பா, இந்த மூன்றையும் எழுதினால் அடுத்து எதைப் பிரிக்கலாம் என்று இதைவிட உறுதியாகச் சொல்கிறேன்.